மூடி போட்டுவிட்டுப் போன கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி.

மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்த அட்டைப் பெட்டியை அவன் தூக்கினான். அடியில் மதர்போர்டு முந்தின நாள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் நடுவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி பொருந்தி உட்கார்ந்திருந்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மூடியைக் கழற்றினான். கொக்கியைத் தளர்த்தி உள்ளே பார்த்தான். ப்ராசசர் இல்லை.

கம்ப்யூட்டருக்கு மூளை என்று சொல்வார்களே, அந்தச் சமாசாரம். ஒரு பிஸ்கட் அளவுகூட இருக்காது. அது இல்லாவிட்டால் மேஜை மேல் கிடந்த மற்றதெல்லாம் வெறும் தகரம்.

அவன் பல் உறை செய்யும் லேபில் வேலை பார்க்கிறவன். கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்ட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. கையில் இருந்ததோ நடுத்தர பட்ஜெட். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் அலசி அலசி எடுத்திருந்தான். கண்ணாடிக் கேபினெட்டும் கலர் விளக்கும் வேண்டாம், அந்தக் காசு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். ப்ராசசர் நடுத்தரமே போதும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இப்படித் தூக்கத்தில்கூடக் கணக்குப் போட்டவன் அவன்.

சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"எங்க வச்சே?"

அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நேத்து நீ என்ன சொன்னே? இதையெல்லாம் தூக்கி வெளிய போட்டாத்தான் நிம்மதின்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். செய்யல."

சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த லேபில் பில்லிங் பிரிவில் மூன்று வாரத்துக்கு முன்னால் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அவளுக்கும் இதே பைத்தியம். எந்த கார்டு, எத்தனை ஜிபி ராம் என்று தினமும் சாயங்காலம் போனில் பேச்சு. பேச்சு மட்டும் என்றால் மனைவி பொறுத்திருப்பாள். நடுநடுவே அவன் சிரித்தான். கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் நாள் முழுக்க அடுத்தவர் கவலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்தச் சிரிப்பு அவள் வயிற்றை எரித்தது. சனிக்கிழமை சாயங்காலம் நேராகவே கேட்டுவிட்டாள், யார் அவள் என்று. சந்தேகப் பிராணி என்று பட்டம் கிடைத்தது. ராத்திரி சாப்பாடு அப்படியே ஆறிப்போனது.

"என்னைத் திருடின்னு முடிவே பண்ணிட்டீங்க" என்றாள் இப்போது. "சரி. உங்க அக்காவையே கூப்பிடுங்க. அவங்க பார்த்துச் சொல்லட்டும். மதியத்துக்குள்ள உண்மை தெரியலன்னா நான் அம்மா வீட்டுக்குப் போறேன். அப்புறம் கூப்பிட வராதீங்க."

அக்கா இன்சூரன்ஸ் சர்வேயர். மோதி நசுங்கின கார்களைச் சுற்றி வந்து, யார் சொல்வது பொய் என்று கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. ஆனாலும் நாத்தனாரை நடுவராகக் கூப்பிட ஒரு மருமகளுக்குத் தைரியம் வேண்டும்.

போனிலேயே பில்லிங் பெண் விவகாரம் வரை கேட்டுக்கொண்டு, பத்து மணிக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே மேஜைக்குப் போனாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

"கடைசியா எப்ப பார்த்தே?"

"நேத்து சாயங்காலம்க்கா. ப்ராசசரை வச்சு, கொக்கியைப் போட்டுட்டேன். சூடு ஏறாம இருக்க அதுக்கு மேல தடவுற பேஸ்ட் காய்ஞ்சு போயிருந்துச்சு. பெட்டியைக் கவிழ்த்துட்டு வாங்கப் போனேன். திரும்பி வந்ததும் சண்டை. அதுக்கப்புறம் பெட்டியைத் தொடவே இல்ல."

"இந்தக் கறுப்பு மூடி?"

"புது போர்டோட வர்றது. ப்ராசசர் இல்லாதப்ப அடியில இருக்குற கம்பிகளுக்குப் பாதுகாப்பு. ப்ராசசரை வச்சுக் கொக்கியைப் போட்டா தானாத் தெறிச்சு வந்துடும். குப்பைக் கூடையில போட்டேன்."

"குப்பைக் கூடையில போட்டது போர்டு மேல எப்படி வந்துச்சு?"

அவன் திரும்பிக் குப்பைக் கூடையைப் பார்த்தான். யோசிக்கவே இல்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

அக்கா ப்ராசசர் வந்த காகிதப் பெட்டியைக் குலுக்கினாள். அது வெறுமையாக இருந்தது. "உள்ள ஒண்ணுமே இருக்காதா?"

"சின்ன பிளாஸ்டிக் கூடு இருக்கும். அதுக்குள்ளதான் ப்ராசசர் வரும்." தேடினான். அதையும் காணோம்.

அடுத்தது மனைவி. படுக்கையறைக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு, கறுப்பு மூடியை நீட்டினாள்.

"இது என்னன்னு தெரியுமா?"

"ஏதோ டப்பா மூடி. எதோடதுன்னு தெரியல அண்ணி."

"உனக்கு அந்தப் பொருள் மேல கோபம் இருக்கு, இல்லையா?"

"இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். எடுக்கணும்னு நினைச்சிருந்தா அந்தப் பெரிய கார்டைத்தான் எடுத்திருப்பேன். அதுதான் ரொம்ப விலைன்னு தினமும் சொல்லிட்டிருந்தார். இத்துனூண்டு பொருளை எடுத்தா எல்லாம் நின்னுபோகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து எதுக்குச் சண்டை? போன் தினமும் வர்றதுதானே?"

அவள் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள். "நேத்து வீடியோ கால். அவ அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். கல்யாண மோதிரத்தைக் கழட்டி ஜன்னல்ல வச்சுட்டு உட்கார்ந்தார். என் கண்ணால பார்த்தேன். எந்தப் பொண்டாட்டி பொறுத்துப்பா அண்ணி?"

அக்கா வெளியே வந்து தம்பியைப் பிடித்தாள். "மோதிரத்தை எதுக்குடா கழட்டினே?"

"ஐயோ, அதுவா? போர்டைத் தொடும்போது கையில மோதிரம், வாட்ச் எதுவும் இருக்கக் கூடாது. எங்கேயாவது உரசினா போச்சு. என் பழைய கம்ப்யூட்டரைப் புரொபசர் பூட்டித் தந்தப்ப சொல்லிக் குடுத்தது. இப்ப பழக்கமாவே ஆயிடுச்சு."

புரொபசர் என்றால் கல்லூரிக்காரர் இல்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பால்ய நண்பன். தலைவலி மாத்திரை கேட்டாலும் கால் மணி நேரம் வகுப்பெடுப்பான், அதனால் வந்த பெயர்.

"அப்படிப்பட்டவனை விட்டுட்டு பில்லிங்ல இருக்குற பொண்ணுகிட்ட ஏன் கேட்டே?"

"அவன்கிட்ட கேட்டா நான் வாங்குற மாதிரியே இருக்காதுக்கா. எல்லாத்தையும் அவனே முடிவு பண்ணிடுவான். இந்தப் பொண்ணு, நான் சொல்றதைக் கேட்டுட்டு ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுவா. புரொபசருக்கு நேத்து வரைக்கும் நான் விஷயத்தையே சொல்லல. பூட்டி முடிச்சதும் கூப்பிட்டுக் காட்டலாம்னு இருந்தேன். நல்லவேளை, நேத்து டிரில்லைத் திருப்பிக் குடுக்க வந்தப்பக்கூட நான் வீட்டுல இல்ல. இப்பத்தான் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். வந்துட்டிருக்கான்."

அவர்களோடு அதே வீட்டில் இருக்கும் அம்மா சோபாவில் இருந்தாள். அக்கா அவளிடம் போனாள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் யார் யாரும்மா வந்தாங்க?"

"ஏன் கேக்குறே, இது வீடா சத்திரமா? உன் தம்பி கடைக்குப் போனான், இவ மாடியில துணி எடுக்கப் போனா. உடனே ஒவ்வொருத்தரா வந்தாச்சு. பக்கத்து வீட்டுக்காரி இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தா, மூக்குக் கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டா. கூரியர்காரன் வந்தான், அவனோட பேனா இங்கயே கிடக்கு. புரொபசர் டிரில்லைக் குடுத்துட்டு, நான் காபி போட்டு எடுத்துட்டு வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போனான். அவனும் அப்படித்தான், வாட்சை டிவி பக்கத்துல விட்டுட்டுப் படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். நீ மட்டும் என்ன, போன தடவை குடையை மறந்தவதானே? எல்லாருக்கும் ஞாபகமறதி. ஆனா வாஷிங் மெஷின் ஆட்டம் போடுதுன்னு நான் மாசக்கணக்கா சொல்றது மட்டும் யாருக்கும் காதுல விழாது. காசு வந்தா கேம் மெஷின்."

"கூரியர்காரன் உள்ள வந்தானா?"

"வாசல்லயே நின்னான்."

"பக்கத்து வீட்டுக்காரி?"

"சமையலறை வரைக்கும் வந்தா. நான் கூடவே இருந்தேன்."

அக்கா போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் மோதின வண்டியின் எந்தக் கதவு முதலில் அடிபட்டது என்று தெரிந்துகொண்டவள் போல இருந்தது.

பதினொரு மணிக்குப் புரொபசர் வந்தான். நல்ல சட்டை, வாரிய தலை. துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி நண்பனின் தோளில் கை போட்டான்.

"விடுடா. பொருள்தானே? வேற ப்ராசசர் நான் எடுத்துத் தரேன். இந்த விலைக்கு இதைவிட நல்லது இருக்கு. மொதல்லயே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சரி, அதை இப்ப பேசி என்ன?"

வார்த்தையெல்லாம் ஆறுதல்தான். ஆனால் அந்த முகத்தில் ரொம்ப நாள் கழித்து வேலை கிடைத்தவனின் தெம்பு இருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எல்லாரும் உட்காருங்க. நீயும் வாம்மா" என்று தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். அவள் வந்து சுவரோரம் நின்றாள்.

"ஒருத்தருக்குக் கோபம் வந்து வண்டியை நொறுக்கினா, அது வேற மாதிரி இருக்கும்" என்றாள் அக்கா. "போர்டை உடைச்சிருக்கலாம். தண்ணியை ஊத்தியிருக்கலாம். ஒண்ணுமே ஆகல. எடுத்தவங்க ப்ராசசரை அதோட கூட்டுக்குள்ள பத்திரமா வச்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க. அதோட விட்டாங்களா? குப்பைக் கூடையைக் கிளறி மூடியைத் தேடிப் போட்டிருக்காங்க. திருடற அவசரத்துல யாராவது அப்படிச் செய்வாங்களா? செய்யாம இருக்கவே முடியாத ஒருத்தர்தான் செய்வார். அவருக்குக் கோபம் ஒரு ஆள் மேல. மெஷின் மேல இல்ல."

அக்கா தம்பி மனைவியைக் கை காட்டினாள்.

"இவளுக்கு மெஷின் மேலதான் கோபம். அந்த மூடியும் இவளுக்கு டப்பா மூடி. ஆனா இவ சொன்ன ஒரு விஷயம் எனக்கு வழி காட்டுச்சு. மோதிரம். போர்டைத் தொடறதுக்கு முன்னாடி கையில இருக்குறதைக் கழட்டுற பழக்கம் என் தம்பிக்கு இருக்கு. அதைச் சொல்லிக் குடுத்தவருக்கு இருக்காதா?" அவள் திரும்பினாள். "புரொபசர், டிரில்லைக் குடுக்க வந்தவன் வாட்சை எதுக்குப்பா கழட்டினே?"

புரொபசரின் கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு சட்டைப் பைக்குள் போய், ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டை எடுத்து மேஜை மேல் வைத்தது.

"கம்பி வளைஞ்சுடும்க்கா" என்றான், முதலில் சொல்ல வேண்டியது அதுதான் என்பது போல. "தூசி விழுந்தாகூட போர்டு போச்சு. அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல."

"ஏன்டா?" என்றான் நண்பன்.

"ஏன்டாவா? நீ மொதல்ல வாங்கின போன்லேருந்து இந்த வீட்டு மிக்ஸி வரைக்கும் நான் பார்த்துச் சொன்னது. நேத்து உள்ள வந்தா மேஜை நிறைய பெட்டி. எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஒவ்வொண்ணாப் பார்த்தேன். எல்லாமே சரியா இருந்துச்சு. பவர் சப்ளையில நானா இருந்தா காசு மிச்சம் பிடிச்சிருப்பேன், தப்பு பண்ணியிருப்பேன். நீ பண்ணல. யாரோ உனக்கு என்னைவிட நல்லாச் சொல்லியிருக்காங்கன்னு புரிஞ்சுது. அதைத்தான் தாங்க முடியல. மெஷின் ஓடலன்னா என்னைக் கூப்பிடுவேன்னு நினைச்சேன். தங்கச்சி மேல பழி விழும்னு சத்தியமா நினைக்கல. காலையில போன்ல நீ சொன்னதும் கையில எடுத்துட்டு ஓடி வந்தேன். யாரும் பாக்காதப்ப வச்சுடலாம்னு பார்த்தேன்."

எழுந்தான். அவள் பக்கம் திரும்பி, "மன்னிச்சுடும்மா" என்றான்.

எல்லோரும் அவள் வெடிப்பாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உட்காருங்க அண்ணா. உங்களுக்கும் எனக்கும் ஒரே வியாதி. காபி போடுறேன்."

கணவன் பெருமூச்சு விட்டான். ப்ராசசர் கிடைத்தது, நண்பன் மாட்டிக்கொண்டான், மனைவி காபி போடுகிறாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அந்த அப்பாவி நினைத்தான். கூட்டை எடுக்கக் கை நீட்டினான்.

"இரு" என்றாள் அக்கா. "இன்னும் ஒரு கேள்வி இருக்கு, அது உனக்கு. நேத்து யார் வந்தாங்கன்னு நீ அம்மாகிட்டகூட விசாரிக்கல. டிரில் அங்க கிடக்குது, அதைப் பார்த்தும் இவனை நினைக்கல. இவளுக்கு இதுல எது என்னன்னே தெரியாது. ஆனாலும் பெட்டியைத் தூக்கின அடுத்த நிமிஷம் இவகிட்டதான் போய் நின்னே. ஏன்?"

"கோபத்துல இருந்தாளேன்னு..."

"கோபம் நியாயமில்லாததுன்னு நீ நம்பியிருந்தா, நேத்தே சிரிச்சுட்டுப் போயிருப்பே. அவ பொறாமைப்படக் காரணம் இருக்குன்னு உனக்குத் தெரியும். அதனாலதான் திருட்டுன்னதும் அவ முகம் ஞாபகம் வந்துச்சு."

நீட்டின கையை அவன் இழுத்துக்கொண்டான். மனைவி சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"காரணம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அக்காவை, நண்பனை, அம்மாவை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். யாரும் உதவிக்கு வரவில்லை.

"தப்பா ஒண்ணும் இல்ல" என்றான் மெதுவாக. "ஆனா சாயங்காலம் ஆனா அந்த போன் வரணும்னு காத்துக்கிட்டிருந்தேன். அது உனக்குப் பிடிக்கலன்னும் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு.

"இதைத்தான் நேத்து கேட்டேன்" என்றாள். "கேட்டதுக்குத்தான் சந்தேகப் பிராணின்னீங்க."

அன்று அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அவனோடு பேசவும் இல்லை.