விளக்குப் பிடித்த சிறுமி

முப்பதாவது தாளில் சிறுமி அரை அங்குலம் தள்ளி நின்றாள்.

கிசாபுரோ முதல் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கேளிக்கைப் பேட்டையான யோஷிவாராவின் இரவுத் தெரு, இருபுறமும் பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்கள், முதுகு காட்டி நடக்கும் ஒரு சீமாட்டி, அவளுக்கு முன்னால் விளக்குப் பிடித்துப் போகும் சிறுமி. எல்லாம் அச்சுப் பலகையில் அவனே செதுக்கியது. மரத்தில் வெட்டிய உருவம் எங்காவது நகருமா?

"என்ன மச்சான், குத்தம் கண்டுபிடிக்கிறியா?" என்றான் அச்சடிக்கும் மைத்துனன் ஹெய்சோ. "பூ கொட்டினதும் தெருவுல நட்ட மரத்தையெல்லாம் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் இந்தப் படத்தை எவன் சீண்டுவான்? இருநூறும் இன்னைக்கே போகணும்."

காற்றுப் பட்டால் ஈரத்தாள் காய்ந்துவிடும் என்று அந்த மத்தியானத்திலும் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். புகைக்கரி மையும் பசையும் கலந்த புழுங்கல் வாடை தொண்டையில் இறங்க, தாளின் முதுகில் மூங்கில் ஓலைத் தேய்ப்பான் சரக் சரக்கென்று உரச, பின்கட்டில் மகள் ஓரின் பந்து தட்டும் சத்தம் அதற்கு ஈடாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

கிசாபுரோ மறுபடி முதல் தாளை எடுத்துப் பார்த்தான். நாலு நாள் முன்பு உளி வழுக்கி, பலகையில் சிறுமி சிதைந்துபோனாள். மூல ஓவியத்தையே கவிழ்த்து ஒட்டித்தான் செதுக்குவார்கள். செதுக்கச் செதுக்க அதுவும் தூளாகிவிடும், திரும்பப் பார்க்க வழியில்லை. கெட்ட இடத்தைத் தோண்டி ஒரு சின்னக் கட்டையை அடித்து இறுக்கினான். அதில் அவன் கைக்கு வந்தது ஒரே முகம்தான். ஏழு வயது ஓரினின் முகம். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

எண்பதாவது தாளில் சிறுமி மூன்றாவது மரத்தைத் தாண்டியிருந்தாள். சீமாட்டிக்கு வெகு முன்னால், அவன் கோடே வெட்டாத இருட்டுப் பக்கம்.

பின்கட்டுக்கு ஓடினான். ஓரின் இருந்தாள். அப்பாடா! கையைப் பிடித்தான். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

"அப்பா, ஒருத்தங்க என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

"யாரும்மா?"

"தெரியலை. திரும்பவே மாட்டேங்கிறாங்க."

அவன் திரும்பி ஓடிவந்து உளியால் அந்தக் கட்டையைப் பெயர்த்து எறிந்தான்.

"அடப்பாவி! பலகையைக் கெடுத்துட்டியே!" ஹெய்சோ தலையில் அடித்துக்கொண்டான். "எந்த அளவுக்குக் கெட்டிருக்குன்னாவது பார்ப்போம்." மை பூசினான். தாளை விரித்தான். தேய்த்தான்.

சரக். சரக்.

பந்துச் சத்தம் நின்றிருந்தது.

கிசாபுரோ பின்கட்டுக்குப் பாய்ந்தான். யாருமில்லை. பந்துகூட இல்லை. அடுப்படியில் மனைவி தோயோ சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றே கிண்ணம்.

"ஓரினுக்கு எங்கே?"

"யாருக்கு?"

"நம்ம பொண்ணுக்குடி!"

தோயோவின் கரண்டி அப்படியே நின்றது. "கல்யாணமாகி ஒன்பது வருஷமாச்சு. ஒண்ணு பொறக்கலையேன்னு நான் அழாத நாளில்லை. இதுலயா விளையாடுவீங்க?" அவள் கண்ணில் பொய்யில்லை. நிஜமாகவே அழுதாள்.

அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான். ஓரின். ஓரின். மறக்கக் கூடாது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தான். ஓரின். ஓரி. பெயர் நாக்கிலேயே தேய்ந்தது.

ஹெய்சோ தாளை உரித்தான்.

கட்டை இருந்த இடம் வெறும் வெள்ளை. தெருவின் கடைசியில், மரங்களும் விளக்குகளும் முடிகிற கரியில், சீமாட்டி நின்றாள். இப்போதும் முதுகுதான். அவள் கைப்பிடியில் ஒரு சிறுமி, உடம்பு முழுக்க இழுபட, தலையை மட்டும் திருப்பி, வாய் கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். நேராக அவனைப் பார்த்து.

கிசாபுரோ குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்று நினைத்தான்.