காற்று உள்ளே போகும் பக்கம்

எழுபத்திரண்டு மணி நேரம் அந்த மூன்று சர்வர்களும் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் பானுப்பிரியாவுக்கு வேலை விசா. ஒரு தடவை நின்றாலும், விசிட் விசா முடிகிற அன்று ஷார்ஜாவில் அக்கா வீட்டிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு சாத்தூருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே, அவள் வேண்டாம் என்று சொன்ன அத்தை மகனுக்குத் தேதி குறித்து வைத்திருந்தார்கள்.

அது 2005 ஆகஸ்ட். ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் பின்பக்கம் அந்த அறை. வெளியே வெயில் தகரத்தை உருக்கிவிடும் போலிருந்தது. மேனேஜர் உமாபதி கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. ஜன்னல் கிடையாது. தரை முழுக்கத் தூக்கி வைத்த பலகை, அதன் அடியில் ஒயர்கள். ஓர் இரும்புச் சட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கறுப்புப் பெட்டிகள். காற்றாடிகளின் இரைச்சல்.

"மேல இருக்கறது வெப் சர்வர். தன் கண்டெய்னர் எங்க நிக்குதுன்னு பாக்க எவனாவது நம்ம வெப் பக்கத்தைத் திறந்தா, கேள்வி இதுக்குத்தான் வரும். இது கீழ இருக்கற டேட்டாபேஸ் சர்வர்கிட்ட கேட்டு, பதிலைப் பக்கமா அடுக்கி அனுப்பும். நடுவுல இருக்கறது மெயில் சர்வர், அதுக்குத் தபால் வேலை மட்டும். கேட்டா பதில் சொல்லும், கேக்காட்டி பேசாது. உன்னை மாதிரிதான்" என்று உமாபதி சிரித்தார்.

"அப்புறம் ஏன் சார் அடிக்கடி நின்னு போகுது?"

"சூடும்மா. முன்பக்கம் காத்தை இழுக்கும், பின்பக்கம் விடும். முன்னாடி இருக்கற ஃபில்டர் தூசியில அடைச்சுக்குது. துடைச்சுக்கிட்டே இரு. விலங்கியல் படிச்சவளுக்கு இதுகூட வராதா?"

அவர் போனதும் கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

தூசி வாசம் இல்லை. நாள்பட்ட தேங்காய் எண்ணெய். துவைக்காத தலையணை உறையில் முகத்தைப் புதைத்தது போல.

துப்புரவு வேலை பார்க்கும் பொன்னுச்சாமி, தூசி உறிஞ்சும் மெஷினைக் காலாலேயே உள்ளே தள்ளிவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

"உள்ள வாங்கண்ணே."

"இருக்கட்டும் தாயி. கால்ல மண்ணு."

அவர் கால் சுத்தமாகத்தான் இருந்தது.

வெப் சர்வரின் முன்மூடியைக் கழற்றினாள். ஃபில்டர் பஞ்சில் மணல் ஒரு பொட்டுகூட இல்லை. முடி. விரல் நீளக் கறுப்பு முடி, பிசுபிசுப்பாக, தன் மேலேயே சுருண்டு கிடந்தது. மெயில் சர்வரிலும் அதேதான். டேட்டாபேஸ் சர்வரில் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. வழித்துப் பையில் போட்டாள். பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

உமாபதியிடம் சொன்னாள்.

"உன் முடியாத்தான் இருக்கும். தலையில ஸ்கார்ஃப் கட்டிக்க."

பானுவின் சடை இடுப்பு வரை தொங்கியது. பையில் கிடந்ததோ விரல் நீளம்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது முடி ஒரு சாண் நீளம் இருந்தது.

உறிஞ்சப்பட்ட முடி என்றால் பஞ்சின் வெளிப்பக்கம் படிந்து கிடக்க வேண்டும். இது உள்ளிருந்து வந்தது. பஞ்சின் துளைகளில் ஒவ்வொன்றாக நுழைந்து, உள்ளே இழுக்கும் காற்றை எதிர்த்து, நுனிகள் அவள் பக்கமாக நீண்டு அசைந்தன.

பிடித்து இழுத்தாள். வரவில்லை.

பலமாக இழுத்தாள். காற்றாடியின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்தது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டது போல.

பிறகு கொத்தாகக் கையோடு வந்தது. ஒவ்வொரு முடியின் அடியிலும் வெள்ளையாக, ஈரமாக ஒரு குமிழ். தானாக உதிரும் முடியின் வேர் காய்ந்திருக்கும். இப்படி ஈர உறையோடு வருவது உயிருள்ள தோலிலிருந்து பிடுங்கினால்தான். கல்லூரியில் மைக்ராஸ்கோப் அடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சிலவற்றில் ரத்தம் இருந்தது.

சோப்பு போட்டு மூன்று முறை கழுவியும் விரலில் எண்ணெய் போகவில்லை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதத்திலும் அதே வாசம். மூடிவிட்டாள்.

பொன்னுச்சாமி நடையில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரூம்ல யாருண்ணே வேலை பாத்தாங்க?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முத்திருளன். நம்ம இருக்கன்குடிப் பக்கத்துப் பய. தரைப் பலகைக்கு அடியில படுத்துக்கிட்டே வயர் இழுப்பான். ஆத்தாளுக்கு முடி நேந்துருந்தான். லீவுல போயி எறக்கணும்னு ரெண்டு வருசமா வளத்தான். சைட்ல எல்லாரும் 'என்னடா பொம்பளப்புள்ள'ம்பாய்ங்க. சிரிச்சுக்கிருவான். லீவுதான் குடுக்கல."

"இப்ப எங்க?"

"பொட்டியில பொணமா ஊருக்குப் போயிட்டான் தாயி."

"எப்படிண்ணே?"

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

உமாபதியிடம் கேட்டபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லீவுல போயிருக்கான். எவன் என்ன சொன்னாலும் காதுல வாங்காதே. உன் விசா பேப்பர் என் மேஜையிலதான் இருக்கு. நாளான்னைக்கு மத்தியானம் வரைக்கும் ஃபில்டரைப் பாரு, வாயைத் திறக்காதே."

அவள் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள். அத்தை மகனை நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை டேட்டாபேஸ் சர்வர் கொதித்தது. ஃபில்டரைத் துடைத்தும் சூடு இறங்கவில்லை. மேல்மூடியைத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. பெட்டியை முன்னால் இழுத்தாள். திருகாணிகளைக் கழற்றி மூடியை நகர்த்தினாள்.

பச்சைப் பலகையும் ஒயர்களும் தெரியவில்லை.

அவற்றின் மேல் தோல் படர்ந்திருந்தது.

மாநிறத் தோல். வியர்த்திருந்தது. அதிலிருந்து முடி வரிசையாக முளைத்திருந்தது. ஓரிடத்தில், நேற்று அவள் பிடுங்கிய இடமாக இருக்கலாம், சிவந்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

ஏசிக் காற்று அதன் மேல் பட்டது.

அது புல்லரித்தது.

பானு திரும்பிச் சுவரோரம் வாந்தியெடுத்தாள். வாயைத் துடைக்கும்போது மேஜைமேல் போன் அடித்தது.

"என்ன பண்றே அங்க?" என்றார் உமாபதி. "பக்கம் மெதுவா வருதுன்னு ரூவி ஆபீஸ்லேருந்து கத்தறான்."

"சார், மெயின் ஸ்விட்சை அணைக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? ஓடறப்ப கரண்டை நிறுத்தினா டேட்டாபேஸ் நாறிப்போயிடும். எதுவா இருந்தாலும் வரிசையா நிறுத்தணும். முதல்ல வெப், அப்புறம் மெயில், கடைசியாத்தான் டேட்டாபேஸ். ஒவ்வொண்ணும் தானா அடங்கற வரைக்கும் காத்திருக்கணும். மெயின்ல கை வச்சே, உன் விசா முடிஞ்சுது, கலாஸ்!"

பெட்டிக்குள் தோல் ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது.

அவள் போனை வைத்தாள். கதவோரம் இருந்த பெரிய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

விளக்கு அணைந்தது. ஏசி நின்றது. காற்றாடிகளின் இரைச்சல் அடங்கிக்கொண்டே போய் நின்றது.

கதவு திறந்தது. நடையின் வெளிச்சத்தில் பொன்னுச்சாமி. முதல் முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

"அமத்திட்டியா தாயி?"

"ஆமாண்ணே." கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். "என் வேலை போச்சு."

இருட்டில் ஏதோ சுழன்றது.

கரண்ட் இல்லாத டேட்டாபேஸ் சர்வரில் ஒரே ஒரு காற்றாடி. மெதுவாகச் சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் வெதுவெதுப்பான எண்ணெய் வாசம் அவள் முகத்தில் பட்டது. காற்று உள்ளே போகும் பக்கத்திலிருந்து.

பொன்னுச்சாமி தரைப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியை வாயில் அமுக்கிக்கொண்டார். பிறகு எடுத்துவிட்டார்.

"கரண்டு புடிச்சு இதுக்கு அடியிலதான் துடிச்சான். நான் மெயினப் பாத்து ஓடுனேன். ஒவ்வொண்ணா வரிசையாத்தான் நிறுத்தணும்னு அந்தாளு என்னப் புடிச்சுக்கிட்டாரு. கடைசிப் பொட்டி அடங்குற வரைக்கும் முத்திருளன் உசுரோடதான் கெடந்தான், தாயி."