பச்சை விழுந்த நெஞ்சு

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் கோயம்புத்தூர் வாயை மூடிக்கொண்டது. மின்விசிறிகள் நின்றன. பேருந்துகள் நடுச்சாலையில் அப்படியே ஓய்ந்தன. பால் கொண்டுவந்த ரோபோ தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றது. அழுகிற குழந்தைகளை வாரிக்கொண்டு தாய்மார்கள் சத்தம் வெளியே கசியாத அலமாரிகளுக்குள் ஓடினார்கள். மற்றவர்கள் சட்டையை விலக்கி, செல்போனை இடது மார்பில் அழுத்திக்கொண்டு, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றார்கள். தினமும் நடப்பதுதான். இதற்குக் கேட்பு வேளை என்று பெயர்.

செல்போனின் மைக்கை நெஞ்சில் வைத்தால் லப்-டப் கேட்கும் என்பது நம் காலத்தில் ஒரு வேடிக்கை. பேரப்பிள்ளைகள் காலத்தில் அது சட்டமாகிவிட்டது. லப்-டப் என்பது இதயத்தின் கதவுகள் மூடுகிற ஓசை. மிக மெல்லிய ஓசை, பக்கத்தில் யாராவது தும்மினால் கூட அமுங்கிப்போகும். அதனால் போனுக்குள் ‘ஒலிச்சல்லடை’ ஒன்றை வைத்தார்கள். இதயத்தின் ஓசையை மட்டும் அது உள்ளே விடும். காக்கை, குக்கர், மனிதப் பேச்சு எல்லாவற்றையும் கசடு என்று தள்ளிவிடும். கேட்ட நெஞ்சு நல்ல நெஞ்சு என்றால் திரையில் பச்சை விழும். பச்சை விழாதவனுக்குப் பேருந்தின் கதவும் திறக்காது, ஆலையின் கதவும் திறக்காது. தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்ட ஊர், இப்போது “பச்சை விழுந்துச்சா?” என்று கேட்டது.

அன்று துளசிமணி மட்டும் போனைத் தொடவில்லை. அவள் கணவர் சென்னியப்பன் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. நல்ல மனிதர், வாய் ஓயாத மனிதர். இறந்த அன்றைக்குக் காலையிலும் அவருக்குப் பச்சைதான் விழுந்தது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்து போனவர், அங்கேயே சரிந்துவிட்டார். பச்சை விழுந்த மனுஷன் எப்படிப் போவான் என்று தெருவே வாய்விட்டுக் கேட்டது. “கதவெல்லாம் ஒழுங்காத்தான் மூடியிருக்கும்மா. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாயில அடைப்பு. அடைப்பு சத்தம் போடாது,” என்றார் டாக்டர்.

துளசிமணிக்கு அந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதைக் கேட்கத்தான் அவள் நெஞ்சொலி நிலையத்துக்கு நடந்தே கிளம்பினாள்.

கவுன்டரில் ரெஜினா என்ற பெண் இருந்தாள். சின்ன வயது, சிரித்த முகம்.

“சொல்லுங்க அக்கா.”

“எங்க வீட்டுக்காரரோட நெஞ்சுச் சத்தம் ஒருக்கா கேக்கோணும் கண்ணு. கடைசி நாளு பதிவானது. ஒரே ஒருக்கா.”

ரெஜினா பெயரைத் தட்டிப் பார்த்தாள். முகம் வாடியது. “அவருக்குப் பச்சைதான் விழுந்திருக்குதுங்க அக்கா. கோளாறு இருந்தாத்தான் சத்தத்தை எடுத்து வெப்போம். நல்லா இருக்கற நெஞ்சுன்னா அப்பவே அழிஞ்சு போயிரும்.”

“நல்லா இருந்தா அழிச்சுப்போடுவீங்களா? இது என்ன நியாயம் கண்ணு?”

துளசிமணி கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெட்கம் பார்க்காமல் அழுதாள்.

“கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஒரு நாளாச்சும் அவரு நெஞ்சுல காது வெச்சுக் கேட்டதில்ல கண்ணு. போனுதான் கேக்குதேன்னு இருந்துட்டேன். எப்படித் துடிக்கும்னே எனக்குத் தெரியாது. பாவி நானு.”

ரெஜினா சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நெஞ்சொலி இல்லீங்க அக்கா. ஆனா கசடு இருக்கும். எதையெல்லாம் தள்ளோணும்னு சல்லடையப் பழக்கறதுக்காக, தள்ளுனதையெல்லாம் சேத்து வெச்சிருக்கறாங்க. வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது. பரவால்ல, கேளுங்க.”

துளசிமணியின் காதில் ரெஜினாவே ஒலி கேட்கும் கருவியை மாட்டிவிட்டாள்.

முதலில் ஒரு காக்கை. பிறகு விசிறி நிற்கிற முனகல். பிறகு அவர் குரல். துளசிமணியின் முகம் மலர்ந்தது. ஐயோ, அதே குரல்! பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரியே இருந்தது.

“அம்மணி, நெஞ்சுல ஏதோ பண்ணுது. பாறாங்கல்ல தூக்கி வெச்சாப்பல இருக்குது. இந்தக் கையெல்லாம் மரத்துப்போச்சு.”

“அட, கம்முனு இருங்க. பேசுனா பச்சை விழாது.”

அது யார் குரல் என்று துளசிமணிக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அவளே தினமும் சொல்லுகிற சொல், அன்று சொன்னதே நினைவில் நிற்கவில்லை.

“இல்ல அம்மணி, வலிக்குதுங்கறேன்.”

“வலிச்சா அதுவே சொல்லுமில்ல? நொய் நொய்ன்னுட்டு. கம்முனு நில்லுங்க.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. வாய் ஓயாத மனிதர், மூச்சு மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு போன் இனிமையாக ஒலித்தது.

“பாத்தீங்களா, பச்சை. உங்களுக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லீன்னா செரி,” என்றார் அவர். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதோடு முடிந்தது.

துளசிமணி கருவியைக் கழற்றினாள். “சொல்லியிருக்கறாரு கண்ணு. எங்கிட்ட சொல்லீட்டுத்தான் போயிருக்கறாரு. நான்தான்... நானே...” நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். உதடு வெளுத்தது.

ரெஜினா பதறிப்போய்க் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் கண்ணிலும் நீர். நல்ல பெண்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. தன் போனை எடுத்துத் துளசிமணியின் மார்பில் வைத்து அழுத்தினாள். கூடத்தில் காத்திருந்தவர்கள் யாரும் சொல்லாமலேயே பேச்சை நிறுத்தினார்கள்.

“இங்க அடைக்குது கண்ணு. தாங்க முடியல. அவரு...”

“ஷ்... கொஞ்ச நேரம் பேசாம இருங்க அக்கா.”

துளசிமணி வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. அது சத்தம் போடவில்லை.

பச்சை விழுந்தது.

“ஒண்ணுமில்லீங்க அக்கா, நல்லாத்தான் இருக்கறீங்க,” என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ரெஜினா அடுத்தவரைக் கூப்பிட்டாள்.