பாதிக் கஞ்சி

மஸ்கெலியாவிலிருந்து வந்த பஸ் அவர்களை நோட்டன் பிரிட்ஜில் இறக்கிவிட்டுப் போனபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். அங்கிருந்து ஒரு மைல் ஏற்றம். மரியநாயகி வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். துணி மூட்டையைச் சுமந்தபடி அவள் கணவர் செபமாலை பின்னால் வந்தார்.

"மூணு நாள் பட்டினி கெடந்தா டொக்டர் துண்டு குடுப்பாராம்," என்றார் அவர். "நம்ம லயத்துல வருசம் பூரா கெடக்கோம். ஒருத்தனும் ஒரு துண்டு தரல."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருடம் ஐப்பசி மாதம் அது. பாதையின் முடிவில் கோப்பித் தோட்டக் காலத்துப் பங்களா ஒன்று, துருவேறிய தகரமும் பாசி பிடித்த சுவருமாக நின்றது. கொழும்பு டொக்டர் ஒருவர் அதைச் சின்ன வார்டாக மாற்றியிருந்தார். மனக்கவலை மிகுந்தால் வயிற்றில் என்ன நடக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வயிற்றுவலிக்காரர்கள் தாமாக விரும்பி வந்து கைநாட்டு வைக்கலாம். மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் ரப்பர் குழாய் இறக்கி, உள்ளே ஊறியிருப்பதை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு கவலையைப் பேசவைத்து, மறுபடி எடுத்து அளந்து பார்ப்பார்கள். மூன்று நாளும் முடித்தவர்களுக்கு, நோய் உண்மைதான் என்று டொக்டர் ஒரு துண்டுச்சீட்டு எழுதித் தருவார்.

அந்தத் துண்டுக்காகத்தான் அவள் வந்தாள். நான்கு மாதமாகத் தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய கொழுந்துக் கூடை நிறையவில்லை. துண்டு இருந்தால் இலேசான வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பத்துச்சீட்டு. அதை நீட்டிவிட்டால் வேலையும் போகும், தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் காம்பிராவும் போகும். செபமாலைக்குப் போன வருடமே தோட்டக் கணக்கில் பேர் வெட்டியாகிவிட்டது. அவள் பெயரில்தான் அந்தக் கூரை நின்றது.

வார்டில் வேலை பார்த்த அம்மாக்கண்ணு ஆயா அவளுக்குக் கட்டிலைக் காட்டினாள். பக்கத்தில் இன்னொரு கட்டில், சுற்றிலும் வெள்ளைத் துணி மறைப்பு.

"நாலு மணிக்கு ஒரு கோப்பை கஞ்சி வரும், தங்கச்சி. மணியடிக்கிறதுக்குள்ள குடிச்சிரணும். அப்புறம் காலைல குழாய் எடுக்கிற வரைக்கும் பச்சத்தண்ணி கூடப் படக்கூடாது."

"சரிங்கக்கா."

ஆயா போகும்போது அந்த மறைப்பின் பக்கம் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

கஞ்சி வந்த அதே நேரத்தில் பனிமூட்டமும் வந்தது. சன்னல் வழியாக நுழைந்து, கட்டில்களுக்கு அடியில் பரவி, விளக்கு வைக்கும் முன்பே அறையை மங்கலாக்கியது. எங்கிருந்தோ புளித்த வாடை எழுந்தது. அவள் கோப்பையை வாயருகே கொண்டுபோனாள்.

மறைப்புக்குள் யாரோ எச்சில் விழுங்கும் ஓசை.

விழுங்க எச்சிலே இல்லாத தொண்டையின் ஓசை அது.

"அக்கா..." குரல் காய்ந்த சருகு போல இருந்தது. "தொண்ட ஒட்டுது. ஒரு வாய்."

மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவளிடம் தேத்தண்ணி இல்லையென்றால் தன் போத்தலை யாரும் தனியாகத் திறக்கமாட்டார்கள். போத்தல் மூடியிலாவது பாதி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் குடிப்பார்கள். யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. மரியநாயகியும் கேட்கவில்லை. பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் கோப்பையோடு துணிக்கு அடியில் தள்ளினாள்.

கோப்பை உள்ளே இழுபட்டது.

சிறிது நேரத்தில் வெளியே வந்தது. ஒரு பருக்கை இல்லை. ஈரமும் இல்லை.

மறுநாள் காலை டொக்டர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். அவர் சிங்களத்தில் கேட்டதை ஆயா தமிழில் சொன்னாள். குழாய் தொண்டையில் இறங்கும்போது மரியநாயகி கழுத்திலிருந்த செப மணிகளைப் பற்றிக்கொண்டாள். டொக்டர் ஊசிக்குழலை இழுத்தார்.

வெள்ளையாகக் கஞ்சி வந்தது. பருக்கைகள் அப்படியே, சற்றுமுன் வடித்தது போல, ஒன்றுகூடக் கரையாமல்.

"ராவுல சாப்பிட்டியான்னு கேக்கிறாரு," என்றாள் ஆயா. குழாயை உருவினார்கள்.

"சத்தியமா இல்லீங்க. நாலு மணிக்குக் குடிச்சது. அதுவும் பாதிதான்."

டொக்டர் ஏதோ எழுதினார். நாளைக்கும் இப்படி வந்தால் துண்டு கிடையாது, வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆயாவின் முகம் வெளுத்திருந்தது.

அவர் போனதும் அவள் மரியநாயகியின் பக்கத்தில் குந்தினாள்.

"மிச்சப் பாதிய என்ன செஞ்சே?"

"அந்தம்மாவுக்குக் குடுத்தேன்."

ஆயா எழுந்து மறைப்பை விலக்கினாள். மெத்தை சுருட்டிக் கிடந்தது. கம்பிக் கட்டிலில் தூசி.

"வேலாயின்னு ஒரு புள்ள," என்றாள் ஆயா, தாழ்ந்த குரலில். "போன வருசம் குழாயோட கெடந்துச்சு. டொக்டர் அவசரமா அட்டனுக்குப் போயிட்டாரு, வர ரெண்டு நாளாச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே செத்துச்சு. குடுக்கக்கூடாதுன்னு உத்தரவு. என் கையில செம்பு இருந்துச்சு, தங்கச்சி. நான் குடுக்கல."

மறைப்பை மறுபடி இழுத்துவிட்டாள். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னைக்குக் கேட்டாலும் குடுக்காத. நீ குடுத்தது ஒனக்குள்ளதான் போய் ஒக்காந்திருக்கு. ஒம் புருசன நெனச்சுக்க. அந்தக் காம்பிராவ நெனச்சுக்க."

நாலு மணிக்குக் கஞ்சி வந்தது.

மரியநாயகி அதை முழுதாகக் குடித்துவிட நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கோப்பையை உயர்த்தினாள். மூட்டம் கட்டில் காலைச் சுற்றிக்கொண்டது.

"அக்கா."

அவள் கோப்பையை உதட்டில் வைத்தாள்.

"அக்கா, ஒரு வாய்."

துணிக்கு அடியில் கால்கள் இல்லை. தூசி மட்டும் இருந்தது. தூசியில் நேற்றுக் கோப்பை இழுபட்ட தடம்.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. திங்கட்கிழமையும் பத்துச்சீட்டும் மூட்டையும் கண்முன் வந்தன. ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை. பழி இல்லை. தாகம் மட்டும்தான் இருந்தது. சிலுவையில் தொங்கியவரும் கடைசியில் அதைத்தானே கேட்டார் என்று நினைத்தாள். அதை நினைத்த பிறகு அவளால் குடிக்க முடியவில்லை.

"இந்தா, தாயி," என்று முழுக் கோப்பையையும் தள்ளினாள்.

விழுங்கும் ஓசை கேட்டது.

இந்த முறை அது துணிக்கு அப்பாலிருந்து வரவில்லை.

அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. மடக், மடக் என்று. அவள் வாய் மூடியிருந்தது.

காலையில் ஊசிக்குழல் நிறைந்தது. சாடி நிறைந்தது. இன்னொரு சாடி கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு கோப்பைக் கஞ்சி எப்படி இரண்டு சாடியாகும் என்று டொக்டர் கேட்கவில்லை. பொய்க்காரி என்று ஒரே ஒரு சொல் சொன்னார். ஆயா அதை மொழிபெயர்க்கவில்லை. வாசல்வரை வந்து, மூட்டையை அவள் தலையில் தூக்கி வைத்தாள். "ஒரு வருசமா நான் செய்யாதத நீ செஞ்சே," என்றாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாப் பெயரும் கூப்பிட்டார்கள். அவள் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. கணக்கப்பிள்ளை பத்துச்சீட்டை நீட்டினார். மாத முடிவுக்குள் காம்பிராவைக் காலி செய்யவேண்டும்.

"கடல் தாண்டி இந்தியாவுக்குப் போகச் சொல்லுவாங்க," என்றார் செபமாலை. "ஒங்க தாத்தா ஊர்ப் பேராவது ஞாபகம் இருக்கா? எனக்குத் திருச்சிக்கு மேற்கேன்னு மட்டுந்தான் தெரியும்."

அன்று மாலை வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோப்பைத் தேத்தண்ணி. அவர் அதை அவளிடம் கொடுத்தார். அவள் பாதியைச் சிரட்டையில் ஊற்றி, தான் உட்கார்ந்திருந்த சாக்கின் ஓரத்தில் வைத்தாள்.

"அது யாருக்கு?"

"செபம் சொல்லுங்க."

முழந்தாளிட்டுச் செபம் சொன்னார்கள். முடித்துக் கண் திறந்தபோது சிரட்டை காய்ந்திருந்தது. மரியநாயகி குனிந்து வயிற்றைப் பிடித்தாள். வலியென்று நினைத்து செபமாலை தன் கையை அங்கே வைத்தார்.

அவர் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ ஒன்று, மெதுவாக, விழுங்கியது.

கையை எடுக்க அவருக்குச் சற்று நேரமாயிற்று.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் அவள். தன் கோப்பையில் மீந்திருந்த தேத்தண்ணியையும் அந்தச் சிரட்டையில் ஊற்றினாள்.