கோட்டுச்சேரிமேட்டு மஞ்சள் சாவுகள்

1978, ஆடி மாதம். காலை ஏழு மணிக்கு அல்லி பிணமாகக் கிடந்தாள். நிறைமாதம் ஆகவில்லை, ஏழாவது மாதம். மூடாத கண்களில் மஞ்சள். கோட்டுச்சேரிமேட்டில் அதே மஞ்சளோடு போன ஐந்தாவது உயிர்.

ஊருக்குக் குற்றவாளி தயாராக இருந்தான். சாராயக் கடைத் தங்கப்பன், சரக்கில் விஷம் கலந்துவிட்டானாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கடையைக் கொளுத்தினார்கள். அதற்கு முன்பே அடிபட்டு லாக்கப்பில் கிடந்ததால் ஆள் பிழைத்தான். வெளியே விட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் கைலாசநாதன் எமிலுக்கு ஆள் அனுப்பினார்.

எமில் பிரெஞ்சு ராணுவத்தில் மருத்துவ உதவியாளனாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவன்.

"அல்லி குடிப்பாளா?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டான்.

"வாடையே ஆகாதாம்."

"கிணறு?"

"அஞ்சு பேரும் வேற வேற கிணத்துத் தண்ணிங்க."

"ஆம்பளை எத்தனை?"

"ஒருத்தன்தான். பொம்பளைங்கள்ல மூணு பேரு புள்ளத்தாச்சிங்க."

எமிலுக்கு ஜைர் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் முன்பு ஜைர் நாட்டுக்குப் போன மருத்துவக் குழுவில் அவனும் இருந்தான். யம்புக்கு என்ற ஊரில் காய்ச்சல் கண்டவர்கள் ரத்தம் கசிந்து செத்தார்கள். ஊர்ப் பெயர் கெட வேண்டாமென்று, தள்ளி ஓடிய எபோலா ஆற்றின் பெயரை நோய்க்கு வைத்தார்கள். அங்கேயும் கர்ப்பிணிகள்தான் நிறையப் போனார்கள்.

இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு அவன் போனது சாராயக் கடைக்கு அல்ல, தன் அக்கா சலோமி வீட்டுக்கு. சலோமி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். மேட்டு ஜனத்துக்கு அவள்தான் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தால் முகம் சுளிக்கிற ஜனம் அது. சுருக்கென்று குத்தினால்தான் அவர்களுக்கு வைத்தியம். கர்ப்பிணி என்றால் தெம்புக்குச் சத்து ஊசி கட்டாயம். அல்லிக்காக அழுது சலோமியின் முகம் வீங்கியிருந்தது. அடுப்பில் ஒரு கிண்ணம், வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளே கண்ணாடி சிரிஞ்சும் ஒற்றை ஊசியும்.

"இதைக் கொதிக்க வைப்பியாக்கா?"

"காலையில ஒரு தடவை. அப்புறம் சுடுதண்ணியில அலசிக்குவேன். அத்தனை பேரு வாசல்ல நிக்கையில, ஒவ்வொருத்தருக்கும் எப்பிடிடா கொதிக்க வைக்கிறது?"

எமில் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். காமாலை உள்ளவன் ரத்தத்தில் தோய்ந்த ஊசி அடுத்த உடம்புக்கு அதைக் கொண்டுபோகும் என்றான். யம்புக்குவிலும் சில சிரிஞ்சுகளை அலசி அலசியே எல்லோருக்கும் போட்டார்களாம். சத்து ஊசிக்கு வந்த கர்ப்பிணிகள் செத்தார்களாம். ஆஸ்பத்திரியை மூடி, ஜனங்களே மரத்தை வெட்டிப் பாதையில் போட்டு ஊர்களை அடைத்த பிறகுதான் நோய் அடங்கியதாம்.

"நோய் வேறங்க. பரவுற வழி ஒண்ணுதான்."

"அப்ப குற்றவாளி?"

"எங்கக்காதாங்க." சொல்லிவிட்டு எமில் வாய்விட்டு அழுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

சலோமி அழவில்லை. "இன்னியோட நிறுத்திட்டா நின்னுடுமாடா?"

"ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சுக்கூட வரும்க்கா. நாம பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

தங்கப்பனாவது தப்பித்தான், அவன் மேல் குற்றமில்லை என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்து விட்டுவிடுகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

சலோமி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தங்கப்பன் அடிபட்டுக் காய்ச்சல்ல கெடக்கறான்னு நேத்து ஸ்டேஷன்லேருந்து கூப்பிட்டு விட்டீங்களே. அல்லிக்குப் போட்டுட்டு, அதே ஊசியோட நேரா அங்கதாங்க வந்தேன்."