வெளியே வா

குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. ஆனாலும் அவர் வெளியே வரவில்லை. குழாய் சொட்டும் சத்தமும் ஈரச் சோப்பின் வாசமும் மட்டும் கூடம்வரை வந்துகொண்டிருக்க, தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள் மனைவி. கைகளைப் பின்னால் கட்டி, மூக்கு சுவரில் உரச, நின்றுகொண்டிருந்தார். மகள் வயிற்றில் இருந்தபோது போருக்குப் போய்ப் பிடிபட்டவர். அவளுக்குப் பால்பற்கள் விழத் தொடங்கிய பிறகுதான் எதிரிகள் விடுவித்திருந்தார்கள்.

“சிலை விளையாட்டுல அப்பாவ யாருமே ஜெயிக்க முடியாது,” என்று சிரித்தாள் மகள்.

“என்னங்க, வாங்க. சாப்பாடு ஆறுது.”

அசைவில்லை.

‘உத்தரவு மட்டும் போடாதீங்கம்மா. அவரா வரட்டும்’ என்று மனநல மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். காத்திருந்தாள். வெயில் சன்னலைவிட்டு நகர்ந்தது. அவர் முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின. பார்க்கச் சகிக்காமல், தனக்கே அந்நியமான ஒரு குரலில் கத்தினாள்.

“வெளிய வா!”

உடனே வந்தார். “சரிங்கய்யா,” என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. சாப்பிடு. படு. எந்திரி. வீடு ஒழுங்காக நடந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இனி மாட்டேன் என்று சத்தியம் செய்வாள். தட்டின் முன் பட்டினியாய் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் அது உடையும். அவள் தேடும் முன்பே அந்தக் குரல் தொண்டையில் வந்து நிற்கும்.

தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு ஒரு பிற்பகல் திரும்பியபோது, கூடத்துச் சுவரைப் பார்த்து இருவர் நின்றார்கள். அவர். பக்கத்தில், சீருடையோடு மகள். சின்னக் கைகள் பின்னால். காலடியில் ஈரம்.

“கண்ணு, விளையாண்டது போதும்டி. அம்மா பாவம்ல?”

“பேசாதம்மா,” மகள் திரும்பாமலே முணுமுணுத்தாள். “அவரு பாக்குறாரு.”

“யாருடி?”

மகளை நெருங்கினாள். தோளைப் பிடித்து இழுத்தாள். பாறை. அசையவில்லை. வேறு வழியில்லாமல், அந்தக் குரலுக்காக வாயைத் திறந்தாள்.

தொண்டை காலியாக இருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் அது பேசியது. புரியாத மொழி. ஆண்குரல். அவசரமே இல்லை அதற்கு.

கணவரும் மகளும் ஒருசேர நகர்ந்து, நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்கள்.

அவள் கால்கள் நடந்தன. சுவரின் குளிர்ச்சி மூக்கில் பட்டது.