கதவை அடைத்தவள்

அன்றைய பேப்பரை மருமகள் அவசரமாக மடித்து ஒளிக்கப் பார்த்தாள். அதற்குள் அம்மா கவனித்துவிட்டாள்.

"மறைக்காதேம்மா... குடு. என் மூஞ்சியை நான் பார்த்தா என்ன?"

படக்கதைகளுக்கான பெரிய விருது இந்த ஆண்டு ஒரு திருநங்கைக்கு. இந்த வீட்டில் மகன் என்று வளர்க்கப்பட்ட மகள் அவள். தன் வாழ்க்கையையே வரைந்து புத்தகமாக்கியிருந்தாள். எல்லோரும் பேசிய அந்தப் பக்கம்தான் பேப்பரிலும் வந்திருந்தது. பெற்ற பிள்ளையை வெளியே தள்ளிக் கதவை அடைக்கும் அம்மா... இறுகிய உதடு, எரிக்கிற கண்கள்!

"மூக்கைத்தான் கொஞ்சம் பெருசா போட்டுட்டா" என்றாள் அம்மா. மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புத்தகம் வந்ததிலிருந்து அம்மா பட்டது கொஞ்சமா? அவள் வேலை பார்க்கும் தையல் கடைக்கு வந்த ஒருத்தி, "அந்த அம்மா நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். அம்மா அடுத்த துணியை எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மகள். அன்று போனவள், அம்மா முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் அப்பா இறந்தபோதுகூட வராதவள், இன்றுதான் வந்திருந்தாள்.

"உக்கார வரலை. விருது வாங்குற மேடையில அப்பா போட்டோ வைக்கணும். அதை எடுத்துட்டுப் போயிடறேன்."

அம்மா சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து நீட்டினாள்.

"முதல் கலர்ப் பெட்டி வாங்கிக் குடுத்தவர்... இந்த வீட்டுல எனக்காக ஏங்கினவர் இவர் ஒருத்தர்தான்!" என்றாள் மகள்.

மருமகளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"போதும் நிறுத்து! அன்னிக்கு வண்டியும் ஆளுங்களும் கூட்டிட்டு வரப் போனதே உங்க அப்பாதான். உன்னைத் தூக்கிட்டுப் போய் எங்கேயோ அடைச்சு வச்சு 'சரிபண்ண'ப் பார்த்தாரு!"

"சும்மா இரும்மா..." என்றாள் அம்மா.

"இல்ல அத்தை, இத்தனை வருஷம் சும்மா இருந்தாச்சு. அந்த ஆளுங்க வர்றதுக்குள்ள அத்தைதான் உன்னைத் தப்பிக்க வச்சாங்க. நீ திரும்பி வந்துடக் கூடாதுன்னுதான் அப்படித் திட்டிக் கதவை அடைச்சாங்க. உங்க அண்ணன் ஊர்ல இல்லை. பார்த்தது நான் ஒருத்திதான்!"

மகளின் முகம் வெளுத்தது. "அம்மா... நிஜமா?"

"அவர் கெட்டவர் இல்லடி. நாலு பேர் பேச்சைக் கேட்டு பயந்துட்டார்."

"ஏம்மா சொல்லலை? ஊரே உன்னைத் திட்டிச்சே... நானே திட்டினேனே!"

"போறப்ப உன்கிட்ட என்ன இருந்துச்சு? அப்பா நல்லவர்ங்கற நினைப்பு ஒண்ணுதான். அதையும் நான் பிடுங்கிக்கணுமா?"

"அம்மா!" என்று அவள் தோளில் முகம் புதைத்து மகள் விம்மினாள். அந்த நீண்ட கூந்தலை அம்மா முதன்முதலாகக் கோதிவிட்டாள்.

"அந்தப் பக்கத்தை மாத்தி வரைஞ்சுடறேன்மா..."

"வேண்டாம். நீ பார்த்ததை நீ பொய்யில்லாம வரைஞ்சிருக்கே. இருக்கட்டும்."

"கதவுக்கு உள்ளே... நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

அம்மா வாசல் கதவைப் பார்த்தாள்.

"நீ தட்டிட்டே இருந்தே. தாழ்ப்பாள் போட்டும் எனக்கு நம்பிக்கையில்லை... திறந்துடுவேனோன்னு, என் கையை நானே பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

மகள் அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

மருமகள் சத்தமில்லாமல் உள்ளே போய் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள்.